சில்லுக்கு ஒரு முட்டு

முட்டிச்சில்லு தன் பள்ளத்தில் நேராக ஓடாமல் வெளிப்பக்கம் விலகுவதற்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு: முட்டிக்குக் கீழே, தசைநாண் ஒட்டியிருக்கும் எலும்பு மேட்டை அறுத்து, நகர்த்தி, ஸ்க்ரூ போடுவது. பெல்ஜிய டாக்டர் மக்கே அந்த மேட்டை முன்பக்கமாகத் தூக்கினார். சில்லின் மேல் அழுத்தம் குறைந்தது. சிலருக்கு மேல்தோல் செத்துப்போனது.

இப்போதைய யோசனை, எலும்பை அறுக்காமல் தசைநாணுக்கு அடியில் ஒரு உலோகத் துண்டை முட்டுக் கொடுப்பது. கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கலை. ஆனா புடைத்து நிற்கப்போவதும் அதே மெல்லிய தோலுக்கு அடியில்தானே? வெட்டு சின்னது என்கிறார்களே தவிர, மண்டியிட முடியுமா என்பதை முதலில் சொல்வதில்லை. கருக்களாச்சேரியில் தரையில் உட்கார்ந்து வலை பழுதுபார்க்கிறவருக்குத் தழும்பின் நீளமா முக்கியம்? குந்தி எழும்போதுதான் சில்லின் மேல் உடல் எடையைப் போலப் பல மடங்கு சுமை ஏறுது.

அடுத்தது காசு. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலை உச்சவரம்பு வைத்தது முட்டி மாற்று இம்ப்ளான்ட்டுக்கு. பரவலாகப் போடும் கோபால்ட் குரோமியம் வகை, வரி நீங்கலாக 54,720 ரூபாய் ஆனது. மூட்டை மாற்றாமல் சில்லை மட்டும் சரிசெய்யும் சாமான்கள் அந்த ஆணைக்குள் வரவில்லை. அவற்றுக்கு 2020 ஏப்ரலிலிருந்து இருப்பது, வருஷத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்கிற விதிதான். முதல் விலையை நிர்ணயிப்பது கம்பெனி.