கோடைக் குறிப்புகளில் காணாமல்போன வீடு

பங்குனி பிறந்ததும் பத்திரிகைகளில் ஒரு பக்கம் தானாக முளைத்துவிடும்: கோடையைக் குளுகுளுவெனக் கழிக்கப் பத்து வழிகள். தர்பூசணி, வெள்ளரி, நுங்கு, இளநீர், மோர், பருத்தி ஆடை, தினமும் எட்டு டம்ளர் தண்ணீர். கூடவே புதினா இலை மிதக்கும் டம்ளர் படம். இப்போ அதே பக்கம் வாட்ஸ்அப்பிலும் யூடியூப்பிலும் வருது, அவ்வளவுதான் வித்தியாசம். சில வருஷமாக இவற்றைச் சேர்த்துவைத்துப் படித்துவருகிறேன். இவற்றில் பொய் அதிகம் இல்லை. என் குறை வேறு. இந்தக் குறிப்புகளில் வாய் இருக்கிறது, வயிறு இருக்கிறது. நாம் குடியிருக்கும் வீடு மட்டும் இல்லை.

சூடு என்பதை இவை உணவின் குணமாகப் பார்க்கின்றன. மாம்பழம் சூடு, கோழி சூடு, மோர் குளிர்ச்சி. நம் வீட்டுப் பேச்சில் ஊறிப்போன பகுப்பு அது. கேலி செய்வது என் நோக்கமில்லை. ஆனா மே மாதம் உடம்பைப் படுத்துகிற சூடு பெரும்பாலும் தட்டிலிருந்து வருவதில்லை. கூரையிலிருந்தும் சுவரிலிருந்தும் காற்றிலிருந்தும் அடுப்பிலிருந்தும் வருகிறது. அதை வெளியேற்ற உடம்புக்கு இருக்கும் பெரிய வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுசா ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். வழிந்து சொட்டினால் அந்தப் பலன் கிடையாது, ஆவியாகணும். அதுக்கு மூணு வேணும்: தண்ணீர், உப்பு, நகரும் காற்று.

இந்த மூன்றை வைத்துக் குறிப்புகளைச் சோதித்துப் பார்க்கலாம். உப்புப் போட்ட நீர்மோர் நன்றாகவே தேறுகிறது. பாட்டி சொன்ன குளிர்ச்சியில் பாதி அந்த உப்பிலும் நீரிலும் இருக்கிறது. இளநீர் பாதிதான் தேறும். அதில் பொட்டாசியம் அதிகம், வியர்வையோடு அதிகம் போகிற சோடியமோ குறைவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்தப் பொட்டாசியமே ஆபத்தாகலாம். நான் சேர்த்துவைத்த பக்கங்களில் இந்த எச்சரிக்கை அபூர்வம். எட்டு டம்ளர் கணக்கு இன்னும் மோசம். நாள் முழுக்க வீட்டுக்குள் இருப்பவருக்கும் வெயிலில் கல் சுமக்கும் சித்தாளுக்கும் எப்படி ஒரே அளவு? இதயக் கோளாறுக்காக டாக்டர் தண்ணீரை அளந்து கொடுத்திருப்பவர் இதைப் படித்தால் என்ன செய்வார்?

மண்பானையும் நனைத்துக் கட்டிய வெட்டிவேர்த் தட்டியும் ஆவியாதலை நம்பியவை. வேலூரின் வறண்ட வெயிலில் நன்றாக வேலை செய்யும். சென்னையின் புழுக்கத்தில் மந்தமாகிவிடும். வானிலைத் துறையே சமவெளியில் 40 டிகிரி, கடலோரத்தில் 37 டிகிரி என்று தனித்தனி அளவு வைத்துத்தான் வெப்ப அலையைக் கணக்கிடுகிறது. குறிப்பு எழுதுகிறவர்களுக்கு மட்டும் எல்லா ஊரும் ஒரே ஊர்.

வீட்டைப் பற்றி வருகிற ஒரே வரி, ‘அறையைக் காற்றோட்டமாக வைத்திருங்கள்’. எந்த நேரத்தில்? நடுப்பகலில் ஜன்னலைத் திறந்தால் வெளிவெயில்தான் உள்ளே வரும். வெளியே உள்ளதைவிட உள்ளே குளுமையாக இருக்கும்வரை மூடித் திரை போட்டு, இருட்டினதும் திறந்துவிடணும். விசிறிக்கும் எல்லை உண்டு. 40 டிகிரிக்கு மேல் அது உடம்பைச் சூடாக்கவே செய்யும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளம் அதை ராத்திரியில் கக்கும். மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் அது கணிசமாகக் குறையும். ஆனா வாடகை வீட்டில் அதுக்கு வீட்டுக்காரர் சம்மதிக்கணும். தர்பூசணி வாங்க யார் சம்மதமும் வேண்டாம். குறிப்புகள் தர்பூசணியோடு நின்றுவிட இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எனக்கு இதைவிட உறுத்துவது சமையலறை. வீட்டிலேயே சூடான இடம் அதுதான், அங்கே அதிக நேரம் நிற்பது பெரும்பாலும் பெண்கள். குறிப்புகள் அவர்களுக்கு வேலையைக் கூட்டுகின்றன: கம்பங்கூழ் காய்ச்சு, சப்ஜா ஊறவை, பழம் பிழி, குடும்பத்தைக் குளிர்வி. ‘இந்த ரெண்டு மாசம் சாதம், ரசம், ஒரு கூட்டு போதும், 11 மணிக்கு மேல் அடுப்பு வேண்டாம், வீட்டு ஆம்பளைங்களும் மாறி மாறி அடுப்படியில் நில்லுங்க’ என்று ஒரு குறிப்பு இதுவரை என் கண்ணில் படவில்லை. இதுக்குச் செலவே கிடையாது.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. அரசாணையில் பேரிடர் என்று ஏறிவிட்ட ஒன்று, பத்திரிகைப் பக்கத்தில் இன்னும் குளுகுளுவாகவே இருக்கிறது. வயதானவர்களுக்குத் தாக உணர்வு மங்கும், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது என்பதற்கு அங்கே இடமில்லை. உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறி, ஆள் குழம்பிப்போனால் அது வெப்பவாதம். உடனே 108-ஐ அழைக்கணும், வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறணும், நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இவ்வளவுக்கும் ஒரு புதினா டம்ளர் படத்தின் இடம் போதும்.

அடுத்த குறிப்பு உங்கள் போனுக்கு வரும்போது பகிரும் முன்னால் ஒன்று செய்து பாருங்கள். மதியம் ரெண்டு மணிக்கு உங்க வீட்டில் எந்த இடம் அதிகச் சூடு, அங்கே யார் இருக்காங்க என்று போய்ப் பாருங்கள். அந்த ஆளுக்கு அந்தக் குறிப்பில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று படித்துவிட்டு அப்புறம் அனுப்புங்கள்.