27 பந்துகளில் 6

விஷ்வ பெர்னாண்டோ, ஆட்டமிழக்காமல் 6. பந்துகள் 27, நிமிடங்கள் 73. இலங்கை அணி ஆடிய டெஸ்ட் போட்டிகளின் ஸ்கோர் அட்டைகளில் எனக்கு மிகப் பிடித்த வரி எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். அதற்கு மேலே, அதே அட்டையில், குசல் பெரேராவின் ஆட்டமிழக்காத 153 இருக்கிறது. 200 பந்துகள், 12 நான்குகள், 5 ஆறுகள். உலகம் கொண்டாடியது அதை. கொண்டாட வேண்டியதும்தான். ஆனால் அந்த 153 வெற்றியாக முடியுமா, வீண் உழைப்பாகப் போகுமா என்பதை முடிவு செய்தது கீழே கிடக்கும் இந்தச் சின்ன 6.

2019 பெப்ரவரி, டேர்பன் கிங்ஸ்மீட் மைதானம். தென்னாபிரிக்கா 235, 259. இலங்கை 191. வெற்றி இலக்கு 304. நான்காவது இன்னிங்ஸின் விக்கெட் வீழ்ச்சி வரிசையை விரலால் தொட்டு வாசித்துப் பாருங்கள். 110க்கு ஐந்து. அடுத்த எண் 206க்கு ஆறு. நடுவில் 96 ஓட்டங்கள், குசலும் தனஞ்சய டி சில்வாவும் சேர்த்தது. தனஞ்சய 48இல் போகிறார். பிறகு வரிசை இடித்துக்கொண்டு நிற்கிறது: 206இலேயே இன்னொன்று, ஒன்பதாவது 226இல். இருபது ஓட்டங்களுக்குள் கதை முடிந்துவிட்டதென்று அந்த எண்களே சொல்கின்றன. அதற்கப்பால் வரிசையில் எண் இல்லை. பத்தாவது விக்கெட் விழவே இல்லை.

விஷ்வ உள்ளே வரும்போது தேவை 78, குசலின் கணக்கில் 86. எதிரே பந்துவீச ஸ்டெய்ன், ரபாடா. அந்த 78ஐப் பிரித்துப் பார்ப்பதில்தான் ருசி இருக்கிறது: குசல் 67, விஷ்வ 6, உதிரிகள் 5. அதுவரை டெஸ்ட் வரலாற்றில் கடைசி விக்கெட் இணைப்பு ஒன்று போட்டியை வென்று கொடுத்ததில் மிகப் பெரியது 57. 1994இல் கராச்சியில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகப் பாகிஸ்தானின் இன்சமாமும் முஷ்தாக் அகமதும் எடுத்தது. ஆறு மாதம் கழித்து லீட்ஸில் பென் ஸ்டோக்ஸ் 135 அடித்து இங்கிலாந்தை வெல்ல வைத்தபோது கடைசி இணைப்பு 76. கூட நின்ற ஜாக் லீச்சின் வரி 17 பந்துகளில் 1. லீச்சை உலகமே தலையில் வைத்து ஆடியது. எங்கள் விஷ்வவுக்கு அதில் பாதியாவது கிடைத்திருக்க வேண்டும். அட்டையின் மறுபக்கத்தைப் பார்த்தால் அந்த எண்ணம் இன்னும் உறுதியாகும்: பந்துவீச்சில் 62க்கு 4, 71க்கு 4. எட்டு விக்கெட் எடுத்த கைதான் கடைசியில் அந்த 27 பந்துகளையும் தடுத்தது.

பந்துகள் என்ற நிரல் இல்லாவிட்டால் இதெல்லாம் எங்கே போயிருக்கும்? பழைய காலத்து அட்டைகள் பலவற்றில் அந்த நிரலே கிடையாது. பிராட்மனின் பல இன்னிங்ஸ்களுக்கு எத்தனை பந்து என்று இன்று சொல்ல முடியாது. அப்படியொரு அட்டையில் விஷ்வவின் பெயருக்கு நேரே வெறும் 6 நின்றிருக்கும், கண் அதைத் தாண்டிப் போயிருக்கும்.

கூடைப்பந்தாட்டக்காரர்களுக்கும் இதே அட்டை உண்டு. அது கிரிக்கெட்டின் சொந்தக்காரன்தான். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவுக்குப் போய் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்த ஹென்றி சாட்விக், 1859இல் பேஸ்போலுக்கு ஓர் அட்டை வகுத்தார். அமெரிக்க ஆட்டங்களின் புள்ளிவிவரப் பழக்கம் அந்த வழியில் வளர்ந்தது. 2016 ஜூன் 19, என்பிஏ இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம்: கிளீவ்லண்ட் 93, கோல்டன் ஸ்டேட் 89. லெப்ரோன் ஜேம்ஸ் 27 புள்ளிகள், 11 ரீபவுண்ட், 11 அசிஸ்ட். தோற்ற பக்கத்தில் டிரேமண்ட் கிரீன் 32, 15, 9. இவற்றை எல்லோரும் பார்ப்பார்கள். எனக்குப் பிடித்தது கிளீவ்லண்டின் கெவின் லவ்வுடைய வரி. 9 புள்ளிகள்தான், ஆனால் 14 ரீபவுண்ட், கடைசி நிரலில் கூட்டல் 19. அவர் களத்தில் நின்ற நேரத்தில் அவருடைய அணி 19 புள்ளி முன்னே போயிருக்கிறது என்று அர்த்தம். நான்கே புள்ளியில் முடிந்த ஆட்டத்தில் இது எவ்வளவு பெரிய எண்! என்பிஏவில் ஒரு திருட்டையோ தடுப்பையோ எண்ணும் நிரல்கள் 1973இல்தான் அதிகாரபூர்வமாக வந்தன. அதற்கு முன்பே ஓய்வுபெற்ற பில் ரஸல், தடுப்பில் மன்னன் என்று பேர் வாங்கியவர். அவர் எத்தனை தடுத்தார் என்பதற்கு அதிகாரபூர்வமான கணக்கில்லை.

எழுதுகிறவரின் கையையும் சொல்ல வேண்டும். கல்முனைப் பக்கத்தில் சுற்றுப்போட்டி நடக்கும் எந்த மைதானத்துக்கும் போய், கூடாரத்துக்குள் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் ஸ்கோரர் காக்காவின் பின்னால் சற்று நில்லுங்கள். ஓட்டமில்லாத பந்துக்கு ஒரு புள்ளி. ஆறும் புள்ளியானால் அவற்றைக் கோடிட்டு இணைத்து எம் எழுத்தாக்கிவிடுவார். விக்கெட் விழுந்த மெய்டன் என்றால் அதே புள்ளிகள் டபிள்யூ ஆகும். ஒலிபெருக்கிக்காரர் பக்கத்தில் கத்துவார், பந்து கூடாரத்துக்குள்ளேயே வந்து விழும், பென்சில் நிற்காது. இன்னிங்ஸ் முடிந்ததும் துடுப்பாட்டப் பக்கத்தைக் கூட்டி உதிரிகளைச் சேர்ப்பார். பிறகு பந்துவீச்சுப் பக்கத்தைக் கூட்டி, பந்துவீச்சாளர் கணக்கில் ஏறாத பைகளையும் லெக் பைகளையும் சேர்ப்பார். கல்முனை பஸாரில் இரவு கடை சாத்துமுன் கல்லாவையும் கொப்பியையும் ஒத்துப் பார்ப்பது போல, இரண்டும் ஒரே எண்ணில் வந்து நிற்க வேண்டும். ஒன்று பிசகினாலும் முதல் ஓவரிலிருந்து தேடத் தொடங்குவார்.

எங்கள் மென்பந்துப் போட்டிகளில் ஒரு குறை எனக்குப் படுகிறது. நல்ல கை உள்ள ஸ்கோரர்கள் இருக்கிறார்கள், ஆனால் பல கொப்பிகளில் ஓட்டமும் விக்கெட்டும்தான் ஏறுகின்றன. கிண்ணம் கொடுக்கும்போது யார் கூட அடித்தார் என்று பார்த்து ஆட்டநாயகனை அறிவித்துவிடுகிறார்கள். கடைசி விக்கெட்டுக்கு வந்து நாலு பந்தைத் தடுத்துவிட்டு எதிர்முனையை ஆடவிட்ட பொடியன், கூடாரத்துக்கு வந்து எட்டிப் பார்த்துக் கேட்பான்: "காக்கா, நான் எத்தன போல் ஆடின?" காக்கா பந்துவீச்சுப் பக்கத்தைப் புரட்டி, புள்ளி புள்ளியாக எண்ணி, "நாலு போல், மகன்" என்பார். அந்த நாலையும் அவன் பெயருக்கு நேரே எழுத, கொப்பியில் இன்னொரு கோடு கீறினால் போதும்.