காணொலி மாற்ற ஹேண்ட்பிரேக் போதுமா?

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

ரெங்கம் வட்டாரத் தோட்டமொன்றில் எங்கள் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் ஒரு பாட்டியைப் பேட்டி எடுத்தார்கள். விடியற்காலைப் பெரட்டு, மரம் சீவியது, தோட்டப் பள்ளி என்று பத்து நிமிடம் பேசினார். திறன்பேசியில் எடுத்த கோப்பை என் தொகுப்பு மென்பொருள் திறக்கவில்லை. அவசரத்தில் இணையத்தில் கிடைத்த ஒரு மாற்றித் தளத்தில் ஏற்றி எம்பி4 ஆக்கினேன். திறன்பேசியில் இடமில்லை என்று மூலக் கோப்பையும் அழித்துவிட்டேன். தொகுக்க உட்கார்ந்தால், ஏழாவது நிமிடத்தில் பாட்டியின் வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். படமும் மங்கல். பாட்டி இப்போது உயிரோடு இல்லை.

அந்த வருத்தத்தில்தான் ஹேண்ட்பிரேக்கைப் பயன்படுத்திப் பார்த்தேன். நம் ஆசிரியர்கள் புலனக் குழுக்களில் அடிக்கடி பரிந்துரைக்கும் இலவச மென்பொருள் இது. 2003இல் தொடங்கி, 2016 டிசம்பரில்தான் 1.0 பதிப்பைத் தொட்டது.

நல்லதை முதலில் சொல்லலாம். எல்லா வேலையும் உங்கள் கணினியிலேயே நடக்கும். மாணவர்களின் முகமும் குரலும் யாரோ ஒருவருடைய சேவையகத்துக்குப் போகாது. விளம்பரம் இல்லை, நீர்க்குறி இல்லை. மூலக் கோப்பை அது தொடாது. புதிய கோப்பைத் தனியாக உருவாக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே இணைய மாற்றிகளை விட்டுவிடலாம்.

ஆனால் குறை இருக்கிறது. மென்பொருளைத் திறந்ததும் முன்னால் நிற்கும் முன்னமைவு ‘ஃபாஸ்ட் 1080பி30’. இது பார்ப்பதற்கும் பகிர்வதற்கும் ஏற்றது; தொகுப்பதற்கு அல்ல. ஏன்?

திறன்பேசி எப்போதும் ஒரே வேகத்தில் படம் எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் விநாடிக்கு எடுக்கும் சட்டகங்களும் குறையலாம். பத்து நிமிடத்துக்கு, விநாடிக்கு 30 வீதம், 18,000 சட்டகம் வேண்டும். திறன்பேசி 17,900தான் எடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சில தொகுப்பு மென்பொருள்கள் அதை 30 வீதமாகவே ஓட்டிவிடும். படம் மூன்று விநாடிக்கு மேல் முன்னால் ஓடிவிடும், குரல் பின்தங்கும். ‘ஃபாஸ்ட்’ முன்னமைவு 30ஐ உச்ச வரம்பாகத்தான் வைக்கிறது, சீராக்குவதில்லை. ஆகவே, கோப்பு எம்பி4 ஆகிவிட்டாலும் நோய் அப்படியே இருக்கும்.

மருந்தும் அதே மென்பொருளில்தான் இருக்கிறது. முன்னமைவுப் பட்டியலில் ‘புரொடக்‌ஷன்’ என்ற பிரிவைத் தேடுங்கள். அதிலுள்ள ‘புரொடக்‌ஷன் ஸ்டாண்டர்ட்’ தொகுப்புக்கென்றே செய்யப்பட்டது. சட்டக வேகத்தைச் சீராக்கும், தரத்தையும் காக்கும். கோப்பு பெரிதாகும், பயந்துடாதீங்க. தொகுத்து முடித்ததும் அந்த இடைக்கோப்பை அழித்துவிடலாம். இவ்வளவு தேவையான ஒன்றை ஒரு கிளைப்பட்டியலுக்குள் ஒளித்து வைத்திருப்பதுதான் எனக்குப் பெரிய குறை. புதிதாக வருகிற ஆசிரியருக்கு அது கண்ணில் படாது.

இன்னொன்று. ‘.மூவ்’ என்ற கோப்புப் பெயரை ‘.எம்பி4’ என்று மாற்றினால் போதும் என்று சிலர் சொல்வதுண்டு. தூக்குச்சட்டியின் மேல் பெயரை மாற்றி எழுதினால் உள்ளே இருக்கும் குழம்பு மாறுமா? கோப்பு வெறும் சட்டி. உள்ளே படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் முக்கியம். 2017இல் ஐஓஎஸ் 11 வந்தது முதல் புதிய ஐபோன்கள் எச்இவிசி முறையில் சுருக்குகின்றன. பழைய பள்ளிக் கணினிகள் திணறுவது இதனால்தான். கேமரா அமைப்பில் ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ என்பதை முன்பே தேர்ந்தெடுத்தால், பல நேரங்களில் மாற்ற வேண்டிய தேவையே வராது.

மாற்றினால் படம் மெருகேறும் என்றும் நினைக்க வேண்டாம். இப்படிச் சுருக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இழப்புதான். மூன்று முறை மாற்றிய கோப்பு, நகலின் நகலை மறுபடி நகலெடுத்த பயிற்றித்தாள் மாதிரி.

என் முடிவு: ஹேண்ட்பிரேக்கைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், அது முதலில் நீட்டும் முன்னமைவை மட்டும் நம்பாதீர்கள். முதலில் ஒரு நிமிடத் துண்டை மாற்றிப் பாருங்கள். முழுக் கோப்பையும் மாற்றிய பிறகு கடைசி நிமிடத்தை ஓட்டி, உதடும் குரலும் ஒத்துப்போகிறதா என்று கவனியுங்கள். அதுவரை, ஏன், அதற்குப் பிறகும், மூலக் கோப்பை அழிக்காதீங்க. பாடக் காணொலியை அடுத்த வாரம் மறுபடி எடுத்துவிடலாம். எல்லாரையும் அப்படி மறுபடி உட்கார வைத்துப் பேசச் சொல்ல முடியாது.