மாயச் சந்தையின் நடுவே

ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட நூல், தமிழ்த் திருச்சபையில் ‘மோட்சப் பிரயாணம்’ என்னும் பெயரால் வழங்கி வருகிறது. அதனைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ணபிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியத்தை 1894இல் நமக்கு அளித்தார். நம் பிரசங்க பீடங்களில் இந்நூல், ஆத்துமா ஒன்று உலகை விட்டுத் தப்பியோடும் கதையாகவே பெரும்பாலும் எடுத்தாளப்படுகிறது. கிறிஸ்தியான் காதுகளைப் பொத்திக்கொண்டு, மனைவி மக்களை விட்டு ஓடும் முதற்காட்சி இதற்கு இடமளிப்பது உண்மையே. ஆயினும், நூல் முழுவதும் இதைத்தான் கூறுகிறதா?

பரம நகரத்துக்குச் செல்லும் பாதை மாயச் சந்தையின் நடுவே செல்கிறது. சுற்றிப் போக வேறு வழியில்லை. அங்கே வீடு, நிலம், பதவி, பட்டம் யாவும் விலைக்கு உண்டு. பயணிகளின் உடையும் பேச்சும் ஊராருக்கு விந்தையாகத் தோன்றுகின்றன. அவற்றோடு, தங்கள் சரக்கை அவர்கள் வாங்க மறுப்பதும் வணிகரைச் சினமூட்டுகிறது. வாணிபத்தைக் குலைத்தனர் என்பது நீதிமன்றத்தில் அவர்கள்மேல் சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று. உண்மையுள்ளவன் என்னும் தோழன் அங்கேயே எரிக்கப்படுகிறான். அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காக 1660 முதல் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிலிருந்த பன்யனுக்கு இது வெறும் கற்பனையன்று.

எனினும் முதற்பகுதியில் ஒரு குறை உண்டு. பயணிகள் மறுக்கின்றனர், பாடுபடுகின்றனர். அவர்கள் சாட்சியால் ஒருவன் உடன் வருகிறான். ஆனால் அவ்வூர் ஏழைகளைப் பற்றி நாம் ஒன்றும் அறிவதில்லை. 1684இல் வெளிவந்த இரண்டாம் பகுதி இக்குறையைத் தீர்க்கிறது. கிறிஸ்தியானின் மனைவி மக்களும் உடன்வந்தோரும் அதே ஊரில் நெடுநாள் தங்குகின்றனர். அவர்களுள் ஒரு பெண் ஏழைகளுக்காக உழைக்கிறாள். ஊர்ப் பிள்ளைகளைக் கவர்ந்து செல்லும் கொடிய விலங்கை ஆடவர் எதிர்த்துப் போரிடுகின்றனர். ஊரார் பலர் அவர்களை மதிக்கத் தொடங்குகின்றனர்.

நமது கிறிஸ்தவ அடையாளம் பெயரிலும், ஞானஸ்நானப் பதிவேட்டிலும், ஞாயிறு உடையிலும் பத்திரமாக இருக்கிறது. வரதட்சணை பேசும் கூடத்திலும், கையூட்டு நீட்டப்படும் மேசையிலும், ஏன், திருச்சபைத் தேர்தலிலும்கூட நம்மை வேறென்று கண்டு எவரும் வியப்பதில்லையே! வாங்க மறுப்பது முதற்படி. அதே தெருவில் தங்கி, அயலானின் பிள்ளைக்காகக் காயப்படுவது அடுத்த படி. நம் திடப்படுத்தல் வகுப்புகளில் இவ்விரு பகுதிகளையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும்.