ஆட்டக்களத்திலிருந்து நிதித்துறைக்கு: ட்வெய்ட்டாப் பிள்ளைகளுக்கு எந்த வழி?

அமெரிக்காவின் ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் எட்டு. அவற்றின் அணிகளில் விளையாடியவர்கள் பின்னாளில் என்ன ஆனார்கள் என்று போல் கொம்பர்ஸும் அவரோடு சேர்ந்த பொருளியலாளர்களும் தேடிப் பார்த்தார்கள். 1970 முதல் 2021 வரையான அணிப் பட்டியல்களைப் பட்டதாரிகளின் தொழில் விபரங்களோடு ஒப்பிட்டார்கள். விளையாடியவர்கள் கூடப் படித்தவர்களைவிட அதிகமாக வணிகத்துக்கும் நிதித்துறைக்கும் போகிறார்கள். ஒட்டுமொத்தத் தொழில் வாழ்வில் கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள், மேல்பதவிகளுக்கும் வருகிறார்கள். மருத்துவத்துக்கும் முனைவர் பட்டத்துக்கும் போவது குறைவு.

இந்தச் செய்தி ஒஸ்லோவின் ட்வெய்ட்டாப் பகுதியில் நம்மவர் வாழும் உயர்மாடிக் குடியிருப்புகளுக்கு வந்து சேரும்போது 'பிள்ளை நன்றாக விளையாடினால் அமெரிக்கா, பிறகு வங்கி' என்று சுருங்கிவிடுகிறது. அப்படி நம்பிப் பணத்தையும் பிள்ளையின் பதின்ம வயதையும் செலவழிக்கும் முன், எந்த விளையாட்டு, எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்க வேண்டும்.

லோரன் ரிவேரா என்ற சமூகவியலாளர் முதலீட்டு வங்கிகளும் ஆலோசனை நிறுவனங்களும் ஆள் எடுக்கும் முறையை உள்ளிருந்தே பார்த்து, 2015இல் ஒரு நூலாக எழுதினார். விண்ணப்பத்தில் விளையாட்டு இருந்தால் அங்கே மதிப்பு உண்டு. ஆனால் எல்லா விளையாட்டுக்கும் ஒரே மதிப்பு இல்லை. படகு வலித்தல், ஸ்குவாஷ், லக்ரோஸ் போன்ற, பெற்றோர் பல ஆண்டுகள் பணம் கொட்டி வளர்க்கும் விளையாட்டுகளுக்கே முன்னிடம். தேர்வு செய்பவரும் அதே விளையாட்டை ஆடியவராக இருந்தால் பேச்சு இலகுவாக ஓடும். நம் பிள்ளைகள் ஆடுவதோ பெரும்பாலும் உதைபந்தாட்டம்.

தென்னிந்தியப் பெற்றோரின் மகனான ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜோன் ஃப்ரீட்மன் மூவரும் 2023இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஆழமாகப் போகிறது. ஐவி லீக்கின் எட்டோடு அதே தரத்தில் இன்னும் நான்கைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரே பரீட்சைப் புள்ளி பெற்ற இரு பிள்ளைகளில், அதியுயர் 1 வீத வருமானக் குடும்பத்துப் பிள்ளை அங்கே போய்ச் சேரும் வாய்ப்பு, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையினுடையதைப்போல் இரு மடங்குக்கும் மேல். இதற்குக் காரணமான மூன்று சலுகைகளில் ஒன்று விளையாட்டு வீரர்களுக்கான தனி அனுமதி. அங்கே படித்தவர் பெயர்பெற்ற நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. ஆனால் பிற்கால வெற்றியை முன்கூட்டிக் காட்டுவது பரீட்சைப் புள்ளிகள்தான், விளையாட்டுச் சலுகை அல்ல.

கொம்பர்ஸின் ஆய்வும் செட்டியின் ஆய்வும் மோதுவதுபோல் தோன்றும். முதலாவது, உள்ளே போனவர்களை ஒருவரோடொருவர் ஒப்பிடுகிறது. இரண்டாவது, உள்ளே போவது யார் என்றும் கேட்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தபின் என் முடிவு இது: அணியில் வளர்ந்த பழக்கங்களுக்கும் உறவுகளுக்கும் விலை உண்டு. ஆனால் பெருங்கதவைத் திறப்பது பல்கலைக்கழகத்தின் பெயர். அந்தப் பெயருக்கு அருகே போகும் விளையாட்டுகள் வசதியானவர்களிடம் இருக்கின்றன.

இது நமக்குப் புதிதும் அல்ல. கொழும்பில் பெரிய பாடசாலைகளின் கிரிக்கெட் வீரர்களை வங்கிகளும் வர்த்தக நிறுவனங்களும் தேடி எடுத்த காலத்தை நம் மூத்தவர்கள் அறிவார்கள். யாழ்ப்பாணத்தில் 1904 முதல் சென்ற் ஜோன்ஸும் மத்திய கல்லூரியும் மோதும் வடக்கின் பெரும் போரில் ஆடியவருக்கும் ஊரில் ஒரு மரியாதை இருந்தது. பாடசாலையின் பெயரும் பழைய மாணவர்களும் துடுப்போடு சேர்ந்தே வேலை வாங்கிக் கொடுத்தார்கள்.

நோர்வேயில் கணக்கு வேறு. இங்கே உயர்மட்ட விளையாட்டு பல்கலைக்கழகத்தை நம்பி இல்லை, ஊர்க் கழகங்களில் இருக்கிறது. பேர்கனில் உள்ள என்எச்எச் வணிகக் கல்லூரிக்கோ ஒஸ்லோப் பல்கலைக்கழகத்துக்கோ விண்ணப்பிக்கும்போது எத்தனை கோல் அடித்தாய் என்று யாரும் கேட்பதில்லை. பெறுபேறுதான் பேசும். நமக்கு இது நல்ல செய்தி. ட்வெய்ட்டாவிலிருந்து இரண்டாம் இலக்கத் தொடருந்தில் ஏறினால் நோர்வே அரசின் எண்ணெய் நிதியை நிர்வகிக்கும் அலுவலகத்துக்குக் கிட்டவே இறங்கலாம். அங்கே போக ஸ்குவாஷ் ஆடத் தெரிந்திருக்கத் தேவையில்லை. கணிதம் தெரிந்திருக்க வேண்டும்.

அமெரிக்க வழி அறவே இல்லை என்று சொல்லவில்லை. ஒஸ்லோவில் பிறந்த விக்டர் ஹொவ்லாந்த் ஒக்லஹோமா அரச பல்கலைக்கழகத்துக்குக் கோல்ஃப் ஆடப் போனார். 2018இல் அந்த அணி தேசியப் பட்டம் வென்றது, அதே ஆண்டு அவர் அமெரிக்க அமெச்சூர் பட்டத்தையும் எடுத்தார். அது கோல்ஃப் வீரராகவே வாழ்வதற்கான பாதை. நிதித்துறை நோக்கம் என்றால் ஒன்றைத் தெளிவாக அறிய வேண்டும்: ஐவி லீக் விளையாட்டுக்கென்று புலமைப்பரிசில் கொடுப்பதில்லை. கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்க 2025இல் வழி திறந்தபோதும் ஐவி லீக் அதில் சேரவில்லை. குடும்பத் தேவையைப் பார்த்தே உதவி கிடைக்கும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், டார்ட்மத் போன்றவை வெளிநாட்டு மாணவரையும் பணவசதி பாராமல் தேர்ந்து, தேவைக்கேற்ப உதவுகின்றன. பட்டம் பெற்றபின் அங்கே வேலையில் தங்குவதற்கு விசா என்ற தனிப் போராட்டமும் உண்டு.

என்னை உண்மையில் வருத்துவது வேறொன்று. பதினாறு வயதில், உயர்தர வகுப்பு தொடங்கியதும், 'இனிப் படிப்பு' என்று பிள்ளையைக் கழகத்திலிருந்து நிறுத்திவிடும் வீடுகள் நம்மிடையே பல. பெண் பிள்ளைகளை இன்னும் முன்பே நிறுத்துகிறோம். நோர்வே உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தலைவியாக 2022இல் வந்த லீசெ கிளாவெனஸ், தேசிய அணிக்கு ஆடியவர், சட்டமும் படித்தவர். இரண்டையும் ஒருவர் செய்ய முடியும் என்பதற்கு ஒஸ்லோவிலேயே ஆள் இருக்கிறார்.

பெற்றோருக்கு என் வேண்டுகோள் இதுதான். கணிதத்தை விடவேண்டாம், அணியையும் விடவேண்டாம். முதல் அணியில் இடம் கிடைக்காவிட்டால் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுக்கட்டும், நடுவராக நிற்கட்டும். கோடைகால வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதை வெட்கப்படாமல் முதற்பக்கத்திலேயே எழுதட்டும். கடைசியாக ஒரு நினைவூட்டல்: நோர்வேப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க வழமையான கடைசி நாள் ஏப்ரல் 15.