ஸ்வாலோவின் குழாய்

பூமத்திய ரேகையில் சமுத்திரத்தின் எந்த அடுக்கு எத்திசையில் ஓடுகிறதென்று அளந்தவர்கள் பலர் இருந்தும், என் அபிமானம் முழுவதும் ஜான் ஸ்வாலோ என்ற ஆங்கிலேயரிடமே போய்த் தங்கிவிட்டதற்கு ஒரு சுரைக்குடுக்கைதான் காரணம்.

சிறுவயதில் தென்னூரிலிருந்து உய்யக்கொண்டான் வாய்க்காலுக்குப் போய், குடுக்கைக்குள் மணலைப் பிடி பிடியாகப் போட்டு, மேலே மிதக்காமலும் அடியில் தங்காமலும் நடுநீரில் அதை ஓடவிட வேண்டுமென்று பகல் முழுவதும் முயன்றிருக்கிறேன். ஒரு சிட்டிகை குறைந்தால் மேலே வந்துவிடும். ஒரு சிட்டிகை கூடினால் சேற்றில் போய் உட்கார்ந்துகொள்ளும். 1955-ல் ஸ்வாலோ செய்ததென்ன? சாரம் கட்டுகிற அலுமினியக் குழாயைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் அரிக்கவிட்டுச் சுவரை மெலிதாக்கி, முனைகளை அடைத்து, ஒலியெழுப்பும் சாதனமொன்றைப் பொருத்திக் கடலில் விட்டார். ஆழம் போகப்போக நீர் நெருக்குண்டு கனக்கிறது. குழாயோ அவ்வளவு நெருக்குண்பதில்லை. ஆகவே இரண்டின் அடர்த்தியும் சமமாகிற ஆழத்தில் அது தானே நின்று, அந்த அடுக்கோடு யாத்திரை போகிறது. கப்பலிலிருப்பவர் அதன் ஒலியைக் கேட்டுக்கேட்டுப் பின்தொடர வேண்டியதுதான். வாய்க்காலில் மேல்நீருக்கும் அடிநீருக்கும் அடர்த்தியில் பேதமில்லாததால்தான் என் குடுக்கைக்கு நிற்க இடம் கிடைக்கவில்லை என்பதை, இதைப் படித்த அன்றே அறிந்தேன்.

ஸ்ரீரங்கத்திலுள்ள என் நண்பர் ஒருவர் ஸ்வாலோவுக்கு நான் தரும் இந்த முதலிடத்தை ஒப்பமாட்டார். கோவாவிலுள்ள தேசியக் கடலாராய்ச்சி நிலையத்தார் 2000-ஆம் ஆண்டு முதல், கிழக்கு 93 டிகிரி முதலிய இடங்களில், பூமத்திய ரேகையின்மேலேயே நங்கூரமிட்ட கம்பியில் பல ஆழங்களுக்கும் நீரோட்ட அளவிகளைக் கோத்து மாதக்கணக்கில் காவலிருக்கச் செய்ததே பெரிய காரியம் என்பார். தெற்கு வடக்காக ஏறக்குறைய இரு வாரத்துக்கொருமுறை நீர் ஊசலாடுவதை ஸ்வாலோவின் குழாய் காட்டியிருக்குமா என்று கேட்பார். நியாயமே. ஆயினும் 1964-ல் மேற்கு இந்து சமுத்திரத்தின் அடியோட்டத்தை அளந்ததோடு அமையாமல், 1976-ல் லூய்ட்டன் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து, ஆழத்தில் கிழக்கும் மேற்குமாக மாறிமாறி ஓடும் அடுக்குகளைக் கண்டவரும் ஸ்வாலோதானே! காவேரி அடியில் வேகம் குறையுமே தவிரத் திசை மாறுவதில்லை. அங்கேயோ அடுக்குக்கு அடுக்கு மாறுகிறது.

பூமி சுழல்வதால் ஓட்டத்தைத் திருப்பும் விசை அந்த ரேகையில் இல்லாது போவதால், கடலின் மற்ற இடங்களில்போல் வெப்பத்தையும் உப்பையும் மட்டும் வைத்து ஓட்டத்தைக் கணித்துவிட முடியாது. கருவியை இறக்கியே தீரவேண்டும். இப்போதோ விண்கோள் தந்த மேற்பரப்பின் வர்ணப்படத்தை அச்சிட்டு, எந்த ஆழம் என்ற ஒரு சொல்கூட இல்லாமல், 'கடல் நீரோட்டம்' என்று தலைப்பிட்டுவிடுகிறார்கள். அப்படியொரு படத்தைப் போனவாரம் நண்பர் வீட்டுத் திண்ணையில் விரித்து வைத்துக்கொண்டு இருவரும் வெகுநேரம் வருந்தினோம். நாங்கள் ஒருமனப்படுகிற விஷயம் அது ஒன்றுதான்.