பிழைத்தது, ஆனால் வளரவில்லை

1956இல் அமெரிக்காவின் ஓரிகானில், காமா கதிர் பாய்ச்சினால் டப்பா இறைச்சி கெடாமல் இருக்குமா என்று ஆர்தர் ஆண்டர்சன் சோதித்துப் பார்த்தார். கதிர் பாய்ச்சியும் இறைச்சி கெட்டது. கெடுத்தது டைனோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ் என்ற பாக்டீரியா. மனிதரைக் கொல்ல 5 கிரே கதிர்வீச்சு போதும். இது 5,000 கிரேயையும் தாங்குகிறது. அப்போது அதன் டிஎன்ஏவும் துண்டு துண்டாகத்தான் உடைகிறது. ஆனால் சில மணி நேரத்திலேயே துண்டுகளைச் சரியாக ஒட்டிக்கொள்கிறது.

இதை விண்வெளிக்கு அனுப்பிய சோதனைகளில் முக்கியமானது ஜப்பானின் தன்போபோ. 2015இலிருந்து 2018 வரை, உலர்த்திய பாக்டீரியாக் கட்டிகள் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வெளியே தட்டுகளில் வைக்கப்பட்டன. மூன்றாண்டுக்குப் பிறகும் அரை மில்லிமீட்டருக்கு மேல் தடித்த கட்டிகளில் உயிர் இருந்தது. மேலே இருந்த செல்கள் செத்து, புற ஊதாக் கதிரை மறித்து, அடியில் இருந்தவற்றைக் காத்தன. வெற்றிடம், கதிர்வீச்சு, வெப்ப ஏற்ற இறக்கம் மூன்றையும் ஆண்டுக்கணக்கில் ஒருசேரத் தருவது எந்த ஆய்வகத்துக்கும் எளிதல்ல. அந்த வகையில் இந்தச் சோதனை முறைக்கு மாற்றில்லை.

ஆனால் இதை வைத்துக் கோள் விட்டுக் கோள் உயிர் பரவும் என்று பேசும்போது எனக்கு உடன்பாடில்லை. அந்த நிலையம் பறப்பது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில்; பூமியின் காந்தப்புலம் அங்கேயும் காவல் நிற்கிறது. செவ்வாய்க்குப் போகும் வழியில் அந்தக் காவல் கிடையாது. விண்கல் மோதலில் பாறையோடு தெறித்துக் கிளம்புவதையும், இன்னொரு கோளில் விழுவதையும் தன்போபோ சோதிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மூன்றாண்டில் எந்தச் செல்லும் உண்ணவில்லை, பெருகவில்லை. டிஎன்ஏவைப் பழுதுபார்க்க நீரும் ஆற்றலும் வேண்டும்; இரண்டும் பூமிக்குத் திரும்பிய பிறகே கிடைத்தன.

அதனால் 2019இல் நடந்த பயோராக் சோதனையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். நிலையத்துக்குள்ளேயே, ஊட்டநீரில், ஸ்பிங்கோமோனாஸ் டெசிகாபிலிஸ் என்ற பாக்டீரியா எரிமலைப் பாறையிலிருந்து அருமண் தனிமங்களைப் பிரித்தது. வெளியே தாக்குப்பிடிப்பதைவிட இது சாதுவான சோதனைதான். ஆனால் விண்வெளியில் மனிதருக்கு ஒரு வேலை செய்துகொடுத்த நுண்ணுயிரி இது. கூடவே சோதித்த மற்ற இரண்டு இனங்களால் அது முடியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

செவ்வாயில் நுண்ணுயிரிகள் பெருக இன்னொரு தடையும் உண்டு. அதன் மண்ணில் பெர்குளோரேட் என்ற உப்பு இருப்பதை 2008இல் ஃபீனிக்ஸ் கலம் கண்டது. புற ஊதாக் கதிரோடு சேரும்போது அந்த உப்பு பாக்டீரியாவைச் சில நிமிடங்களில் கொல்வதாக 2017இல் எடின்பரோ ஆய்வு காட்டியது. அடுத்த சோதனைத் தட்டில் அந்த உப்பு வேண்டும், கொஞ்சம் ஈரமும் வேண்டும். செல்கள் எத்தனை தலைமுறை பெருகின என்று எண்ண வேண்டும்.